சிவப்பு விழுந்த ‘ஹா’

மதரஸாவில் ஆலிமா ஜுலைஹாவிடம் குர்ஆன் ஓதப் படித்த பெண்களில் ருமைஸாவைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். ஷிஃபானாவுக்கு வயிறெரிந்தது. இவளும் அதே ஆலிமாவிடம், அதே பாயில் உட்கார்ந்து படித்தவள்தானே?

அந்த வருஷம் மதரஸாவுக்கென்று ஒரு செயலி வந்தது. குர்ஆனை ஓதிக் காட்டினால், எழுத்துகள் சரியாக ஒலித்தனவா என்று சொல்லும்; தப்பான எழுத்தைச் சிவப்பாகக் காட்டும். ஆனால் முதலில் அதற்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, சரி, தப்பு என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள் என்று ஆலிமா அதை ஷிஃபானாவிடம் விட்டார்.

“பட்டமளிப்பு விழாவுல யார் முதல்ல ஓதுறதுன்னு இந்தத் தடவை அதுவே சொல்லட்டும்” என்றார்.

பதிவுகளில் பெயர் இல்லை. குரல் தெரியாதா என்ன? பாதிக்கு மேல் ருமைஸாவுடையது. கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் ஓதிக் கொடுத்திருந்தாள். நடுத்தொண்டையிலிருந்து எழும் ‘ஹா’ அவளுக்கு அத்தனை சுத்தம். அது வந்த இடமெல்லாம் ஷிஃபானா ‘தப்பு’ என்று அழுத்தினாள்.

தேர்வு நாளில் ருமைஸா ஓதினாள். ‘ஹா’வுக்குச் சிவப்பு விழுந்தது. ஷிஃபானா முக்காட்டை இழுத்துவிட்டுச் சிரிப்பை மறைத்தாள்.

அடுத்து ஷிஃபானா ஓதினாள். சிவப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஓதினாள். அப்போதும் சிவப்பு.

எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து ஆலிமாவிடம் போனாள்.

“இது உருப்படாத மெஷின், ஆலிமா.”

“ருமைஸா ஓதுறப்போ நல்லாத்தானே இருந்துச்சு?”

“அவ கதை வேற. என் ‘ஹா’வுல என்ன குறை? நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?”

“அவளுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

ஆலிமா செல்போனை வாங்கி, அதே குர்ஆன் ஆயத்தைத் தானே ஓதினார். சிவப்பு.

“பாத்தீங்களா? உங்களுக்கே தப்புங்குது. இதுக்குக் கத்துக்கொடுத்தவங்களுக்குக் காதே கிடையா...”

பாதியில் நின்றாள்.

ஆலிமா செல்போனை அவள் மடியில் வைத்தார். வெளியே ருமைஸா யாரோடோ பேசிக்கொண்டு செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

“விழாவுல அவளே ஓதட்டும், ஆலிமா” என்றாள் ஷிஃபானா, தலை நிமிராமல். “இதை அழிச்சிடறேன். மண்டு மெஷின்.”

“அதைத் திட்டாதே, புள்ள. நல்ல மாணவி அது. கத்துக்கொடுத்த உஸ்தாது சொன்னதை அப்படியே நம்பியிருக்கு.”