பரங்கிப் பூவுக்குத் தரகு போன கதை

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதுல ஒரு சொல் பொய்யா இருந்தா என் மீசை இப்பவே தலையணையில உதிரட்டும். ம் கொட்டு, சொல்றேன்.

ஒரு ஊர்ல ஒரு வைத்திலிங்கம். வீட்டுக்குப் பின்னால பரங்கித் தோட்டம். "எம் பொண்ணு கல்யாணச் சாம்பார்ல எங்க தோட்டத்துப் பரங்கிக்காய்தான் மிதக்கும்"னு சம்பந்திகிட்ட சவால் விட்டிருந்தான். காய் இல்லேன்னா மானம் போயிடும்.

அப்போ வந்தான் பூச்சிமருந்துக் கடை ஆசைத்தம்பி. "அண்ணே, இலையில பூச்சி." பச்சை பாட்டில் கொடுத்தான். புஸ்! அப்புறம், "அண்ணே, தண்டுல பூச்சி." சிவப்பு பாட்டில். புஸ்ஸ்! மேல போன காக்கா தும்மித் தும்மி மல்லாக்கப் பறந்துச்சு. ம்? அப்புறம், "அண்ணே, பூவுக்குள்ள ஙொய்ங்னு சத்தம் வருதே, அதுவும் பூச்சிதானே?" கருப்பு பாட்டில். பூ விரிஞ்சிருக்கிற நேரமாப் பார்த்து அடிச்சாங்க, புஸ்ஸ்ஸ்! தேனீயெல்லாம் பொலபொலன்னு செத்து விழுந்துச்சு. "ஆகா, என்ன அமைதி!"ன்னு ரெண்டு பேரும் கைகுலுக்கிக்கிட்டாங்க.

அப்புறம் பூத்துச்சு பாரு, தோட்டமே தங்கம்! ஆனா ஒரு பிஞ்சு பிடிக்கலை. பொத்து பொத்துன்னு அத்தனையும் உதிர்ந்துச்சு.

பொண்டாட்டி குஞ்சம்மா தலையில அடிச்சுக்கிட்டா. "ஆண் பூ அங்க, பெண் பூ இங்க. நடுவுல மகரந்தம் சுமந்த தரகரை நீங்களே கொன்னுட்டீங்களே! இனி நீங்கதான் போகணும்."

"நானா?"

"ஆமா. ஙொய்ங்னு சொல்லிக்கிட்டே போங்க. இல்லேன்னா பூவுக்கு நம்பிக்கை வராது." சொல்லிட்டு முந்தானையை வாயில வச்சுக்கிட்டா.

அப்போலேருந்து தினம் விடிஞ்சதும் வைத்திலிங்கம் ஆண் பூவைக் கிள்ளிக்கிட்டு, கொடிக்கு அடியில முட்டி தேய நகர்ந்து, ஒவ்வொரு பெண் பூவாத் தொட்டுத் தடவி, "ஙொய்ங்... ஙொய்ங்..."

வேலிக்கு மேல எட்டிப் பார்த்தான் ஆசைத்தம்பி. "அடேயப்பா, இவ்ளோ பெரிய பூச்சியா!" ஓடிப்போய் முதுகுல டேங்கோட வந்தான். புஸ்ஸ்ஸ்ஸ்!

"அடேய், நான்டா!" தொபுக்கடீர்னு குளத்துல குதிச்சான் வைத்திலிங்கம். கரையேறி ஒரு தும்மல் போட்டான், மாட்டுக்கொட்டகைக் கூரை அடுத்த ஊருக்குப் போச்சு. அப்புறம் ஆசைத்தம்பி சட்டையைப் பிடிச்சு, "வாடா, நீயும் தேனீதான்"னு கொடிக்குள்ள இறக்கினான்.

காய் பிடிச்சுது! கல்யாணத்தன்னைக்குச் சம்பந்தி சாம்பாரை உறிஞ்சிட்டு, "பிரமாதம்! என்ன மருந்து அடிச்சீங்க?"ன்னார்.

வைத்திலிங்கம் வேட்டியைத் தூக்கித் தோலுரிஞ்ச முட்டியைக் காட்டினான். சாம்பார் வாளியோட நின்ன ஆசைத்தம்பியும் காட்டினான்.

கதைக்கே கொட்டாவி வந்துடுச்சு, கண்ணை மூடு. யார் சொன்னதுன்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்காதே. ஆசைத்தம்பி இன்னும் அதே கடைதான் வச்சிருக்கான்.