தாமதமாக வந்த பலே

கொரோனா வந்து ஊரெல்லாம் கதவடைத்த வருடம். பாடகர் சிவகடாட்சத்தை ஒரு சபாக்காரர் கூப்பிட்டார். அரங்கம் காலியாக இருக்கும், கேமரா முன்னால் பாடினால் போதும், ஜனங்கள் வீட்டிலிருந்தே பார்ப்பார்கள் என்றார்.

போய்ப் பாடினார். பழக்கதோஷம் லேசில் விடுமா? ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கைதட்டலுக்காக நின்றார். ஒருமுறை காலி நாற்காலிகளைப் பார்த்துக் கும்பிடவே கும்பிட்டார். வயலின்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று வீட்டுக்கு வந்து, தலை நரைத்த அந்த மனிதர் அழுதார்.

வரும் சனிக்கிழமைக்கும் பாட ஒப்புக்கொண்டிருந்தார். அதை வேண்டாமென்று சொல்லிவிடும் முன், கும்பகோணத்திலிருந்த தன் குரு மரகதவல்லி அம்மாளை வீடியோவில் கூப்பிட்டார். திரையில் அம்மாளின் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரிந்தன.

“போனைக் கொஞ்சம் இறக்கிப் பிடிங்கம்மா.”

“கேக்கறதுக்குக் காது போதும். விஷயத்தைச் சொல்லு.”

“அரங்கம் திறந்தாத்தான் இனி நான் வாய் திறப்பேன். சனிக்கிழமை பாடப்போறதில்லை.”

“சரி. இப்ப எனக்குக் கொஞ்சம் காம்போதி ராகம் பாடு.”

குரு கேட்டால் மறுக்க முடியுமா? பாடினார். மேலே ஏறி நின்று ஒரு பிடி பிடித்தார். அவருக்கே உடம்பு சிலிர்த்தது. திரையில் நெற்றி அசையவில்லை. மனசு விட்டுப்போய், ஏனோதானோவென்று கீழே இறங்கினார். அப்போது வந்தது அம்மாளின் “பலே!”

சிவகடாட்சம் நிறுத்திவிட்டார்.

“பலே தப்பான இடத்துல விழுதும்மா.”

“நான் சரியான இடத்துலதான் சொன்னேன்.”

“இங்க வந்து சேர நேரமாகுது.”

“வந்துச்சா, இல்லையா?”

“வந்துச்சு. ஆனா முன்வரிசையில நீங்க உக்காந்திருப்பீங்க. நான் மேல போகும்போதே உங்க தலை ஆடும். அதைப் பாத்துக்கிட்டே இன்னும் மேல போவேன். எனக்கு அது வேணும்மா.”



“எனக்கு மட்டும் வேணாமா?” என்றார் அம்மாள். குரல் இறங்கியிருந்தது. “இன்னொரு தடவை பாடு.”

மறுபடி அதே இடத்துக்கு ஏறினார். முன்னைவிட நன்றாகவே வந்தது. இந்த முறை கெட்டிக்காரத்தனமாக அங்கேயே நிறுத்தி, பலே வந்து சேரட்டும் என்று காத்திருந்தார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“தம்பி! கடாட்சம்! லைன் போயிடுச்சா?” அம்மாள் பதறினார்.

“இருக்கேன்மா. உங்க பலேக்காகத்தான் நின்னேன்.”

“சொல்ல வாயெடுத்தேன். சத்தமே இல்லாமப் போச்சா, என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். பலேயை எங்க சொல்றது?”



“அப்ப, அது வந்து சேர்ற வரைக்கும் நான் என்னம்மா பண்றது?”

அம்மாள் போனை இறக்கிப் பிடித்தார். இப்போதுதான் முகம் முழுதாகத் தெரிந்தது. கண்கள் ஈரமாக இருந்தன.

“அது புறப்பட்டாச்சு தம்பி. வந்து சேர்றப்ப நீ பாடிக்கிட்டு இருக்கணும்.”