பார்த்து வரைதல்

“என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண்ணே கிடையாது டீச்சர்!” என்று வந்து நின்றாள் மதுரவல்லி.

தில்லைக்கரசி நிமிரவில்லை. ஒரு வண்டு கல்மேல் ஏறிக்கொண்டிருந்தது. அதை வரைந்துகொண்டிருந்தாள்.

கரிசல்காட்டுப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போய், பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து, செடியையும் பூச்சியையும் நேரே பார்த்து வரையப் பழக்குகிறவள் அவள். மதுரவல்லியைவிட வயதில் சின்னவள். இருந்தால் என்ன? தெரிந்தவரிடம்தானே கற்றுக்கொள்ள முடியும்! அதனால்தான் அறிவியல் ஆசிரியை மதுரவல்லி அவளைத் தேடி வந்திருந்தாள்.

“ஆவாரஞ்செடிக்கு முன்னாலேயே உட்கார வச்சேன். அத்தனை பிள்ளைகளும் கோலத்துப் பூவைப் போட்டு வச்சிருக்கு. நடுவுல வட்டம், சுத்தி ஒரே அளவா இதழ். செடியை ஒருத்தராவது ஏறெடுத்துப் பார்க்கணுமே, ம்ஹூம்!”

“காலையில கரும்பலகையில பூ வரைஞ்சு காட்டினீங்களோ?”

“ஆமா.”

“எதைப் பார்த்து?”

“காலேஜ்ல வரைஞ்ச ரெக்கார்டு நோட்டு ஞாபகம் இருந்துச்சு.”

“அதை எதைப் பார்த்து வரைஞ்சீங்க?”

“சீனியர் அக்கா நோட்டைப் பார்த்து.”

“அந்த அக்கா?”

“அவங்களுக்கும் ஒரு சீனியர் இருந்தாங்க…”

தில்லைக்கரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? எத்தனை காலமாக இந்த ஈயடிச்சான் காப்பி! பூ பாவம், பள்ளிக்கூட வாசலிலேயே நிற்கிறது.

பக்கத்துச் செடியில் ஒரு பூவைத் தொட்டுக் காட்டினாள். “இந்த இதழ் மடங்கியிருக்கு. அடுத்தது அகலம். உள்ளே மகரந்தக் கேசரமெல்லாம் நெட்டையும் குட்டையுமா நிக்குது. உங்க நோட்டுல இதெல்லாம் உண்டா?”

இல்லை.

“உட்கார்ந்து வரைங்க.”

உட்கார்ந்தாள். வரைந்தாள். அழித்தாள். மறுநாளும் வந்து வரைந்தாள், அழித்தாள். தாளில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

“என்னால முடியல டீச்சர்.”

“ஏன்?”

“பூவைப் பார்த்தா பூ தெரியல. எம்மக தெரியுறா.”

சொல்லிவிட்டுத் தாளைத் தள்ளிவைத்தாள்.

மகள் நிறைமதி யூ.கே.ஜி. படிக்கிறாள். தர்மபுரியில் அப்பாவோடும் அப்பத்தாவோடும் இருக்கிறாள். மதுரவல்லிக்கு வேலை கிடைத்ததோ இந்தக் கோடியில். ஒவ்வொரு கவுன்சிலிங்குக்கும் மாறுதல் கேட்டுப் போவாள், வெறுங்கையோடு திரும்புவாள். மாதம் ஒருமுறை ஊருக்குப் போவதோடு சரி. அடுத்தவர் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடும்போதெல்லாம், தன் பிள்ளைக்கு யார் சிந்திவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

“அப்போ மகளையே வரைங்க” என்றாள் தில்லைக்கரசி.

மதுரவல்லியின் முகம் மலர்ந்தது. பென்சில் பறந்தது. உருண்டை முகம், ரெண்டு கண், ரெட்டைச் சடை, ஒரு சிரிப்பு. நீட்டினாள்.

தில்லைக்கரசி பார்த்தாள்.

“புருவம் ரெண்டும் நடுவுல கூடுமா, கூடாதா?”

மதுரவல்லி தன் படத்தைப் பார்த்தாள். புருவமே போடவில்லை.

“காதுமடல் கன்னத்தோட ஒட்டியிருக்குமா, தனியாத் தொங்குமா?”

“ஜிமிக்கி போட்டிருப்பா…”

“நான் காதைக் கேட்டேன்.”

மதுரவல்லி பென்சிலைக் கீழே வைத்தாள்.

“பெத்தவ டீச்சர் நான்!” என்று வாய்விட்டு அழுதாள் மதுரவல்லி. “எந்நேரமும் அவ நெனப்பாவே கிடக்கேன். எம்பிள்ளை காது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியலையே!”

தில்லைக்கரசி மதுரவல்லியின் டப்பாவிலிருந்த ரப்பரை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“அழிச்சது போதும். இந்த வாரம் ஊருக்குத்தானே? போய்ப் பார்த்துட்டு வாங்க.”

போனாள். பார்த்தாளா என்றால், எங்கே பார்க்க!

வீட்டுக்குள் கால் வைத்ததும் அழுக்குத் துணி மலையாகக் கிடந்தது. மாமியாருக்கு மூட்டுவலி. மாவு ஆட்டினாள். பொடி இடித்தாள். பிள்ளைக்குப் பிடித்த முறுக்கைச் சுட்டு டப்பா டப்பாவாக அடைத்தாள். இல்லாத நாளுக்கெல்லாம் சேர்த்து அம்மாவாக இருக்க வேண்டாமா?

நிறைமதி நை நை என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றினாள்.

“அம்மாவுக்கு வேலை கிடக்குடா கண்ணு. இந்தா தாளு, பென்சில். அங்க உட்கார்ந்து அம்மாவை வரை, பார்ப்போம்.”

பிள்ளை உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது.

மதுரவல்லி பையைத் தோளில் மாட்டியபோது நிறைமதி தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

பின்னலில் பாதி நழுவிய கிளிப். ஜாக்கெட்டில் வேர்வைத் திட்டு. தூக்கிச் செருகிய சேலைக்குக் கீழே, வெடிப்பு விழுந்த குதிகால். கோணல்மாணல் கோடுதான், ஆனால் எல்லாம் அப்படியே இருந்தது. இத்தனை வருடத்தில் தன் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இப்படிப் பார்த்து வரைந்ததில்லை என்று மதுரவல்லிக்குத் தோன்றியது. பெருமையாக இருந்தது.

“முகத்தைக் காணோமே, செல்லம்?”

“அது தெரியலம்மா.”

“அம்மா முகம் தெரியலையா?”

“நீ அடுப்புகிட்ட அந்தப் பக்கம் பார்த்து நிப்ப. துவைக்கிற கல்லுகிட்டயும் அந்தப் பக்கம் பார்த்து நிப்ப. அப்புறம் பஸ்ஸுக்குப் போயிருவ.” பிள்ளை குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். “முதுகுதான் எனக்கு நல்லாத் தெரியும்.”

வாசலில் கணவர் வண்டியைக் கிளப்பிவிட்டு ஹார்ன் அடித்தார். “மது! பஸ் போயிரும்!”

மதுரவல்லி பையைக் கீழே வைத்தாள். மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினாள்.

நிறைமதி தாளைத் திருப்பிப்போட்டு, பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அசையாம இரும்மா” என்றாள்.