ஏற்றாத திருத்தம்

கேப்டன் அபுதாகிரிடம் ஏழு வருஷம் தொழில் படித்தவர் கஸ்பார். இப்போது அதே கப்பலில் இரண்டாம் அதிகாரி. நாற்பது வயது. கடல் வரைபடங்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

படமென்றால் காகிதமில்லை, எல்லாம் கம்ப்யூட்டர் திரைதான். வாராவாரம் கரையிலிருந்து திருத்தம் வரும். இங்கே மணல் மேடு தட்டியிருக்கிறது, அங்கே மிதவை இடம் மாறியிருக்கிறது என்று. அதைப் படத்தில் ஏற்றிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வாரத்தை விட்டால் அடுத்த வாரமும் ஏறாது.

ஐந்து வாரமாகக் கஸ்பார் கையெழுத்து மட்டும் போட்டார்.

திரை சும்மா இருக்குமா? படம் பழசு, படம் பழசு என்று ஓரத்தில் மஞ்சளாகக் காட்டிக்கொண்டே இருந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கி அதன் வாயை அடைத்தார்.

கஸ்பாரின் சொந்த ஊர்த் துறைமுகம் நெருங்கிய காலையில் கேப்டன் அதைக் கண்டுவிட்டார். பதிவேட்டையும் புரட்டிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. உள்ளே இடம் கிடைக்க மூன்று நாளாகும், வெளியே நங்கூரம் போட்டு நிற்கச் சொல்கிறார்கள் என்றார். திரையில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க போடுவோமா, வே?"

கஸ்பார் அந்த விரலையே பார்த்தார்.

"பதினாலு மீட்டர் ஆழம். சேத்துத் தரை, நல்லாப் பிடிக்கும். உம்ம படத்துல ஒண்ணுமே இல்லையே."

"அங்க வேண்டாம் சார்."

"ஏன்?"

கஸ்பார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ சேசு இருக்கான்."

சேசு அவர் தம்பி. ஆறு வாரத்துக்கு முன்னால் பெருங்காற்றில் அவன் விசைப்படகு முழுகிப்போனது. கூடப் போன மூன்று பேர் கரையேறினார்கள். எஞ்சினைப் பார்க்க உள்ளே இறங்கியவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கஸ்பார் அப்போது நடுக்கடலில். அம்மா போனில் கதறியபோதும் இவர் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை என்று கப்பல் சமையல்காரர் சொல்லிக் கேள்வி. மறுவாரம் வந்த திருத்தத்தில் முதல் வரியே அந்தப் படகுதான். முழுகிய படகு, இன்ன இடம், இன்ன ஆழம்.

அந்த வரியைத் தானும் படித்ததாகக் கேப்டன் சொன்னார். ஏற்றியிருப்பார் என்று நம்பியதாகவும் சொன்னார்.

"என் கையால எப்படி சார் ஏத்துவேன்? ஏத்துனா ஒரு குறி வந்து உக்காந்துக்கும். அதோட அவன் கதை முடிஞ்சுது. இப்பப் பாருங்க, வெறும் தண்ணிதான். அவன் இன்னும் கரைக்கு வந்துக்கிட்டே இருக்கான்."

கேப்டன் திரையில் அந்த வெறும் தண்ணீரைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கஸ்பாரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நாளைக்குக் கரையிலேர்ந்து படகு வரும், லீவுல நீ இறங்கிருவ. உன் இடத்துக்குப் புதுசா ஒருத்தன் வர்றான். அடுத்த தடவ இங்க வரும்போது அவனும் இந்தப் படத்தத்தான் பாப்பான். வெறும் தண்ணின்னுதான் நினைப்பான்."

கஸ்பார் நிமிர்ந்தார்.

"நம்ம நங்கூரம் ஆறு டன்னு, கஸ்பார். உன் தம்பி மேல போட்டுறாதன்னு அவன்கிட்ட யாரு சொல்லுவா?"