மோர் குடித்த பாத்தி

அன்று காலை பெனிட்டாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவி அவள். ஆராய்ச்சி விழாக் கேடயம் இந்த வருஷம் எனக்குத்தான் என்று வீட்டில் அடித்துச் சொல்லிவிட்டு வந்தவள். பக்கத்து ஊர் விவசாயி மாரக்காளின் மிளகாய்க் காட்டில் அவளும் வகுப்புத் தோழன் கோகுலகண்ணனும் நான்கு பாத்தி பிரித்து, இலைச்சுருட்டை நோய்க்கு மருந்து சோதித்தார்கள். மூன்றில் மருந்து. நான்காவதில் ஒன்றுமே தெளிக்கக் கூடாது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. ஆனால் பாருங்கள், அந்த நான்காவதுதான் பச்சைப்பசேலென்று நிற்கிறது!

"எல்லாம் நாசம். பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிப்போம்" என்றான் கோகுலகண்ணன்.

பெனிட்டா நேரே மாரக்காளிடம் போய்க் கேட்டாள். மாரக்காள் கையைப் பிசைந்தாள். "அது மட்டும் கேக்க நாதியில்லாம நிக்குதேன்னு மனசு கேக்கல கண்ணு. புளிச்ச மோருல பெருங்காயத்தக் கரைச்சு ஊத்திப்போட்டேன்."

திட்டுவாள் என்று பார்த்தால், பெனிட்டா துள்ளிக் குதித்தாள்! "அக்கா, இதையே சோதிச்சுப் பார்ப்போம்!"

ஒரே பாத்தியை நம்பி எதையும் சொல்லிவிட முடியாதல்லவா? கோகுலகண்ணன் புதிதாக ஆறு பாத்தி திட்டமிட்டுக் கொடுத்தான். மூன்றுக்கு மோர், மூன்றுக்கு ஒன்றுமில்லை. ஐம்பது நாள் விடாமல் பெனிட்டா இலை இலையாக எண்ணிக் குறித்தாள். மாரக்காளோ வெறும் பாத்திகளைக் கடக்கும்போதெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டமாய் ஓடினாள். கடைசியில் மோர்ப் பாத்திகள் காய்த்துக் குலுங்கின. மற்ற மூன்றும் சுருண்டு போயின.

விழாவில் முதல் பரிசு அவர்களுக்கே! ஆனால் கேடயத்தில் ஒரே ஒரு பெயர்தான் பொறிப்பார்களாம். "குழுத் தலைவி நீதானே, நீயே சொல்லும்மா" என்று நடுவர் மைக்கை நீட்டினார். மருந்தைக் காட்டியவள் மாரக்காள். சோதனையைத் திட்டமிட்டவன் கோகுலகண்ணன். கேட்டறிந்து, எண்ணி நிரூபித்தவள் பெனிட்டா.

நீங்களே சொல்லுங்கள், அவள் யார் பெயரைச் சொல்வது நியாயம்?

விடை: மாரக்காள். மோர் ஊற்றியதற்காக அல்ல, அது இரக்கத்தில் செய்த தப்பு. ஊற்றாமல் இருந்தாளே, அதற்காக! மோரும் இருந்தது, காடும் அவளுடையது. கண்ணெதிரே மூன்று பாத்தி சுருண்டு போனபோதும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் திட்டமும் வீண், எண்ணியதும் வீண். பெனிட்டா தொண்டை கிழிய அந்தப் பெயரைத்தான் கத்தினாள். மேடையேறிய மாரக்காள் கேடயத்தைப் பார்க்கக்கூட இல்லை, மைக்கிலேயே கேட்டுவிட்டாள்:

"ஏங் கண்ணு, அந்த மூணு பாத்திக்கும் இப்பவாச்சும் மோர் ஊத்தட்டுமா?"