எத்தனை மிளகாய்?

சியாங் மாய் நகரத்துக்குச் சுற்றுலா வருபவர்களுக்கு அரை நாளில் தாய்லாந்துச் சமையல் சொல்லித்தருபவர் மாலி. அவரிடம் எல்லோரும் பல கேள்விகளோடு வருவார்கள். ஆத்தூர் பொன்னுரங்கம் ஒரே ஒரு கேள்வியோடு வந்தார்.

“அளவு என்னங்க?”

மாலி சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் சமையலறையில் சில வருடங்கள் வேலை பார்த்தவர். அவருடைய தமிழ் அங்கே கற்றது. அடுப்பு எரியும்போது பேசிப் பழகிய தமிழ் என்பதால் அதில் நீளமான வாக்கியமே கிடையாது.

“சொல்றேன். முதல்ல கை கழுவுங்க, அண்ணா.”

பொன்னுரங்கம் கல்யாண சமையல் மாஸ்டர். மாலியைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். இரண்டாயிரம் பேருக்குச் சாம்பார் என்றால் அண்டாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உப்பை அள்ளிப் போடுவார். கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அப்பாவையும் அம்மாவையும் அனுப்பிவைத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து போன முதல் வெளியூர் இதுதான். தங்கிய விடுதியில் சமையல் வகுப்பின் படத்தைப் பார்த்து அவரை அனுப்பியது மனைவி தவமணி.

“நீங்க போய்க் கத்துக்கங்க மாமா. நான் பக்கத்து மசாஜ் கடையில காலை அமுக்கி விடச் சொல்லிட்டு மத்தியானம் வர்றேன். வந்து உக்காருவேன். ஒரு தட்டு கொண்டாந்து வைக்கணும்.”

“ஊருக்கே ஆக்கிப் போடறவன், உனக்குப் போட மாட்டனா?”

“ஊருக்குப் போட்ட மிச்சத்தைத் தூக்குவாளியில கொண்டாந்து குடுத்திருக்கீங்க. அது வேற. எனக்குன்னு நீங்க ஒரு நா அடுப்புப் பத்த வெச்சதில்ல. இன்னிக்கு வெக்கிறீங்க. இல்லேன்னா இனிமே கேக்க மாட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தவமணி எதையும் இரண்டாம் முறை கேட்பவர் அல்ல. அது பொன்னுரங்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

வகுப்பில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் வெள்ளைக்காரர்கள். மாலி ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து, மெல்லிசாக நறுக்குவது எப்படி என்று காட்டினார். மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பொன்னுரங்கம் கூடையில் இருந்தது மொத்தத்தையும் நறுக்கி முடித்திருந்தார்.

“அண்ணா, ஒரு வெங்காயம்.”

“ஒண்ணுங்களா? எத்தனை பந்திக்கு?”

“ஒரு தட்டுக்கு.”

“ஒரு தட்டுக்கு எப்படிங்க கணக்குப் போடறது?”

மாலி, நறுக்கிய வெங்காயத்தை நான்கு மேசைக்கும் பங்கு வைத்தார். அப்போதும் மிஞ்சியது.

சூப் கொதித்தது. பொன்னுரங்கத்தின் கை பழக்கத்தில் போய் உப்பை அள்ளிப் போட்டுவிட்டது. பக்கத்து மேசைக்காரர் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

மாலியும் குடித்துப் பார்த்தார்.

“கடல்.”

“கை அண்டாவுக்குப் பழகின கைங்க, டீச்சரம்மா. அதான் சொல்றேன், அளவச் சொல்லிட்டா நான் புடிச்சுக்குவேன்.”

மாலி அந்தச் சூப்பை அடுப்பிலிருந்து இறக்கினார். ஒரு மண் உரலையும் மர உலக்கையையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் சீவிய பச்சைப் பப்பாளி, பூண்டு, பனைவெல்லம், எலுமிச்சை, வறுத்த கடலை, ஒரு தட்டு நிறைய ஊசிமிளகாய்.

“பப்பாளி சாலட். அளவு நீங்க சொல்லணும்.”

“நானா?”

“எங்க ஊர்ல கடைக்காரங்க இடிக்க ஆரம்பிக்கும்போது கேப்பாங்க. எத்தனை மிளகாய்? சொன்னாத்தான் இடிப்பாங்க.” மாலி உலக்கையை அவர் கையில் கொடுத்தார். “இந்தத் தட்டு யாருக்கு?”

“என் வீட்டுக்காரிக்கு. மத்தியானம் வருது.”

“அவங்களுக்கு எத்தனை மிளகாய்?”

பொன்னுரங்கம் மிளகாய்த் தட்டைப் பார்த்தார். பிறகு மாலியைப் பார்த்தார். இரண்டு மிளகாயை எடுத்து உரலில் போட்டார். பூண்டோடு சேர்த்து இடித்தார், மற்றதையும் போட்டுப் புரட்டினார். கைவேலை சுத்தமாக இருந்தது. தட்டில் எடுத்து வைத்தார்.

மாலி ஒரு முள்கரண்டியை எடுத்து, நின்றபடியே அந்தத் தட்டைச் சாப்பிட ஆரம்பித்தார். பாதிவரை சாப்பிட்டார்.

“நல்லா இருக்கு. எனக்கு.”

“சந்தோசமுங்க.”

“இது என் தட்டு. அவங்க தட்டு எங்க?”

உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மாலி அடுத்த மேசைக்குப் போனார்.

பொன்னுரங்கத்துக்குக் காது சூடானது. அவர் சமையலை இப்படி யாரும் திருப்பி அனுப்பியதில்லை. மாலி திரும்பி வரும்வரை பொறுத்திருந்தார்.

“டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. எல்லாத்துக்கும் பொதுவுல ஒரு அளவு இருக்குங்க. காரம் திங்கறவனும் திட்ட மாட்டான், திங்காதவனும் திட்ட மாட்டான். அதப் புடிக்கறதுதான் கல்யாண சமையல். இருவத்தெட்டு வருசமா நான் அதத்தான் புடிச்சு வெச்சிருக்கேன்.”

“யாரும் திட்ட மாட்டாங்க.”

“ஒருத்தரும் திட்ட மாட்டாங்க!”

“யாருக்குப் பிடிக்கும்?”

பொன்னுரங்கம் கவிழ்த்து வைத்திருந்த உரலைப் பார்த்தார்.

மாலி அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“எங்க அம்மா பஸ் ஸ்டாண்டுல பப்பாளி இடிச்சு வித்தாங்க. ஒரு டிரைவர் தினம் வருவார். அம்மா தினம் கேப்பாங்க, எத்தனை? தினம் சொல்வார், அஞ்சு. ஒரு நாள் ஒண்ணுன்னார். அம்மா கேட்டாங்க, பல்லா, சண்டையா?”

பொன்னுரங்கம் சிரித்துவிட்டார். “எதுங்க?”

“ரெண்டும். பல் வலிக்குது, சம்சாரம் பேசல. அம்மா அன்னிக்கு மிளகாய் போடல. வெல்லம் கொஞ்சம் தூக்கலாப் போட்டாங்க.”

“சரி.”

“உங்க வீட்ல அவங்க சாப்பிடும்போது மிளகாயைக் கடிப்பாங்களா, ஒதுக்குவாங்களா?”

பொன்னுரங்கம் யோசித்தார். வீட்டில் தனக்குத் தட்டு வைக்கும் தவமணி நினைவுக்கு வந்தார். ரசத்தைச் சாய்த்து ஊற்றும் தவமணி வந்தார். நடுச்சாமம் வந்து நின்றாலும் தோசை ஊற்றித் தரும் தவமணி வந்தார். தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் தவமணி மட்டும் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை.

“பாத்ததில்லைங்க,” என்றார்.

“மிளகாயையா?”

“அது சாப்பிட்டுப் பாத்ததில்லைங்க.”

மாலி எழுந்துபோய் மற்றவர்களின் அடுப்பைப் பார்த்தார்.

மத்தியானம் தவமணி வந்தார். காலில் ஏதோ தைலம் பளபளத்தது. வாசலில் வாழைக்கன்றுகளுக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேசையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டார். இலைக்கு முன்னால் உட்கார்ந்த சம்பந்திபோல நிமிர்ந்து இருந்தார்.

“ஆச்சுங்களா மாமா?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“தோ, ஆச்சு!”

உள்ளே உரல் காலியாக இருந்தது.

பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தினார். “டீச்சரம்மா, நீங்க ஒரு எண்ணு சொல்லுங்க. ஒண்ணா, நாலா? வந்து உக்காந்துருச்சு.”

“அவங்க அங்க இருக்காங்க. கேளுங்க.”

“உக்காந்தவங்களைக் கேக்கக் கூடாதுங்க. எங்க தொழில்ல அது குறை. ஆக்கறவனுக்குத் தெரியலேன்னு அர்த்தம்.”

“தெரியலையே.”

பொன்னுரங்கம் உலக்கையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு, பூப்போட்ட ஏப்ரனோடு வாசலுக்கு நடந்தார். முதல் பந்தி எழுந்திருக்கும்போது சாம்பார் தீர்ந்துவிட்டது என்று பெண் வீட்டாரிடம் சொல்லப் போகிறவரின் நடையாக அது இருந்தது.

“தவம்.”

“என்ன, கையை வீசிட்டு வர்றீங்க? தட்டு எங்க?”

“உனக்கு எத்தனை மிளகாய்?”

“என்னது?”

“எத்தனை மிளகாய் போடட்டும்? உனக்கு.”

தவமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேலியா என்று முகத்தில் தேடினார். பொன்னுரங்கத்தின் நெற்றியில் வேர்த்திருந்தது.

“எப்படி மிளகாய்?”

பொன்னுரங்கம் உள்ளே ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்தார். தவமணி அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். நுனியைக் கடித்தார். நிதானமாக மென்றார். பொன்னுரங்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். தவமணி அதைத் தொடவில்லை.

“ஏழு.”

“ஏழா?”

“ஏழு.”

“நீ காரம் திங்க மாட்டியே!”

“யாரு சொன்னா?”

“வீட்டுல எதுலயும் காரமே இருக்காதே.”

“உங்க அம்மாவுக்கு வயித்துப் புண்ணு. அத்தைக்கு ஒரு கொழம்பு, எனக்கு ஒரு கொழம்புன்னு வைக்க முடியுமா?”

“அம்மா போய் ஆறு வருசம் ஆச்சே?”

“ஆச்சு. நீங்க ஒண்ணும் சொல்லல. அப்படியே ஓடிருச்சு.” கையில் மிச்சமிருந்த மிளகாயையும் வாயில் போட்டுக்கொண்டார். “எனக்கு வேணும்னா பச்சை மிளகாயில உப்பைத் தொட்டு, அடுப்படியில நின்னுக்கிட்டே கடிச்சுக்குவேன்.”

பொன்னுரங்கம் தண்ணீர் டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“ஏழு,” என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். பிறகு, மண்டபமே திரும்பிப் பார்க்கும் அந்தப் பழைய குரலில் உள்ளே பார்த்துக் கூவினார். “டீச்சரம்மா, ஏழு!”

வெள்ளைக்காரர்கள் மூவரும் அடுப்பை விட்டுவிட்டு வந்தார்கள். என்ன நடக்கிறது என்று மாலி ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டும். மிளகாய் ஒவ்வொன்றாக உரலில் விழும்போது அவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். ஐந்தாவதில் ஒருவர் நெஞ்சில் கை வைத்தார்.

“முழுசா விட்டுடாதீங்க மாமா, நல்லா நசுக்குங்க!” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

“நசுக்கறேன்!”

“எலுமிச்சை இன்னும் அரை மூடி!”

“புழியறேன், புழியறேன்!”

அண்டாவுக்குப் பழகிய அந்தக் கை, கைக்கடங்கிய உரலில் மெதுவாக இறங்கியது. வெல்லத்தை விரல் நுனியால் கிள்ளிப் போட்டார். மிஞ்சியதைத் திரும்பத் தட்டில் வைத்தார். உப்பை எடுக்கும்போது ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார்.

தட்டைக் கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டு நகரவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்ன, நான் திங்கறத வேடிக்கை பாக்கறீங்களா?”

“ஆமா.”

தவமணி ஒரு வாய் எடுத்தார். மென்றார். கண் நிறைந்தது. மூக்கு சிவந்தது. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் காதோரம் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த வாய் எடுத்தார். அடுத்தது. கடலையைத் தேடித் தேடி எடுத்தார். நடுவில் நிமிரவே இல்லை.

பொன்னுரங்கம் ஒரு வாயும் விடாமல் பார்த்தார். இடது பக்கமாக மெல்லுகிறார். பிடித்தால் புருவம் தூக்குகிறார். மிளகாயை ஒதுக்குவதில்லை, கடைசிவரை கூடவே கொண்டு போகிறார்.

தட்டு காலியானது. தவமணி தட்டைச் சாய்த்து, அடியில் நின்ற சாற்றையும் குடித்தார். தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

“இன்னொண்ணு.”

உள்ளே கைதட்டல் எழுந்தது. பொன்னுரங்கம் எழுந்தார். இரண்டாயிரம் இலை விழுந்த கல்யாணங்களில் மாலை போட்டு, தட்டில் வேட்டி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவர் இப்படிச் சிரித்ததில்லை.

காலித் தட்டோடு மாலியிடம் வந்தார்.

“கெடைச்சுருச்சுங்க டீச்சரம்மா. ஏழு. இனி மறக்க மாட்டேன். ஊருக்குப் போனதும் ஏழு போட்டுத்தான் இடிப்பேன். சரிதானுங்களே?”

மாலி உரலைக் கழுவி, நிமிர்த்தி அவர் முன்னால் வைத்தார்.

“இன்னிக்கு ஏழு, அண்ணா. நாளைக்கும் கேளுங்க.”