சம்பங்கோழி தேய்த்த ஓப்பல் மோதிரம்

ஒரு குளத்தில், கோரைப் புல்லுக்குள் ஒரு சம்பங்கோழியும் அவள் மகளும் இருந்தார்கள். அவர்கள் கூட்டில் ஓர் ஓப்பல் கல் மோதிரம் இருந்தது. யாரோ கரையில் தவறவிட்டதை அப்பா சம்பங்கோழிதான் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நாளிலேயே பாம்பு அவரைப் பிடித்துவிட்டது.

பால் மாதிரி வெள்ளைக் கல். அசைத்தால் உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடும். "அதோ பாரு, அப்பா நம்மளைப் பார்க்கிறார்!" என்று காட்டித்தான் அம்மா மகளைத் தூங்க வைப்பாள்.

மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு அடுத்த குளம். மோதிரத்தை மகளிடமே கொடுத்தனுப்ப அம்மா வெளியே எடுத்தாள். ஈரக் கோரையில் கிடந்து கல்லில் பாசி படிந்திருந்தது.

"ஐயோ! சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பாங்க!"

வேலிமேல் இருந்த காக்கை கழுத்தைச் சாய்த்தது. "இதுக்குப் போயா கலங்குறே? ஊருக்குள்ளே பொம்பளைங்க பித்தளைக் குடத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சு வெயில்லே கவுத்துறாங்க. தகதகன்னு இருக்கு! தினம் பார்க்கிறேனே!"

கோரைத் தண்டில் ஒட்டியிருந்த நத்தை பதறியது. "வேண்டாம் அக்கா! அது மெல்லிசான கல். என்னை மாதிரி அதுக்குள்ளேயும் ஈரம் இருக்கு. காய்ஞ்சா தாங்காது. தண்ணியிலே நனைச்சு, பூவிதழாலே துடைங்க. போதும்."

"நீ சொல்லி முடிக்கறதுக்குள்ளே பொண்ணு பிள்ளையே பெத்துடும்!" என்றது காக்கை.

சம்பங்கோழிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம் வேறு. புளியும் சாம்பலும் வைத்து அழுத்தித் தேய்த்தாள். கொதிக்கிற பாறைமேல் காய வைத்தாள்.

டிக் என்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். கல்லில் குறுக்கே விரிசல். மேலெல்லாம் கீறல். உள்ளே ஒரு நிறமும் இல்லை. சுண்ணாம்புக் கட்டி மாதிரி கிடந்தது. தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஓடவில்லை.

"பித்தளைக்கு நல்லாத்தானே வந்துச்சு..." என்று முணுமுணுத்துவிட்டுக் காக்கை பறந்துபோனது.

மகள் வந்தாள். கல்லை வெகுநேரம் பார்த்தாள்.

"பரவாயில்லைம்மா, குடு."

அதை அலகில் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பின்னால் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அப்புறம் ஒரு வாய் இரை இறங்கவில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல், நாலு பேர் மெச்சவேண்டும் என்று அவசரப்பட்டால், நமக்குப் பிரியமானதை நாமே கெடுத்துவிடுவோம்.